கொண்டையில் செருகிய டெஸ்டர்

அவர் கோபப்படாத ஒரு நாளை நான் பார்த்ததில்லை. அந்தக் கோபத்தைக் கேட்டுச் சிரிக்காத ஓர் ஆளையும் பார்த்ததில்லை.

திருத்தணியில் மலைப்படிகள் தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. சந்தின் ஒரு பக்கம் கல்யாண மண்டபம். எதிர்ப்பக்கம் அவர் கடை. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மூடி கழன்ற மிக்ஸிகளும் இறக்கை இல்லாத மின்விசிறிகளும் வாசலில் அடுக்கியிருந்ததே அடையாளம். உள்ளே எப்போதும் வார்னிஷ் வாசனை. கருகிய மோட்டாரைப் பிரித்துப் பழைய செம்புக் கம்பியை உருவி எறிவார். பிறகு ஒரு மர முக்காலியில் உட்கார்ந்து புதுக் கம்பியைச் சுற்றுவார். ஒவ்வொரு சுற்றையும் வாய்க்குள் எண்ணுவார். எண்ணும்போது யாராவது கூப்பிட்டால் அன்றைய முதல் கோபம் அங்கே தொடங்கும்.

ஊர் அவரை மிக்ஸி அக்கா என்றது. ஐம்பது வயது இருக்கும். தொழில் கணவரிடம் கற்றது. கணவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. "அவரு கட்டுன மோட்டார் காயிலு இன்னும் நாலு வூட்ல ஓடுது. அவருதான் நின்னுட்டாரு" என்பதற்கு மேல் அதைப் பற்றி அவர் சொல்லிக் கேட்டதில்லை. சொன்னதையும் கோபமாகத்தான் சொன்னார். மற்றப் பெண்கள் பூ வைக்கும் இடத்தில் அவர் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்டர் வைத்திருந்தார். பேனா அளவில், மஞ்சள் பிடியோடு, கொண்டையில் செருகியபடி.

"தானாவே நின்னுடுச்சுக்கா" என்று சொல்லிக்கொண்டு யாராவது மிக்ஸியோடு வந்தால் போதும்.

"தானாவா? இன்னா போட்ட?"

"தேங்காதான்."

"ஓட்டை எடுத்துட்டுப் போட்டியா, ஓட்டோடயே போட்டியா? நைனா, இது மிக்ஸி. ஜல்லி ஒடைக்கிற மிஷினு பள்ளிப்பட்டு ரோட்ல கீது. அங்க எடுத்துகினு போ."

வந்தவர் சிரிப்பார். "நான் இன்னா சொல்லிட்டேன்னு இவன் சிரிக்கிறான்?" என்று அவர் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார். பக்கத்தில் நிற்பவரும் சிரிப்பார். நகரி, புத்தூர்ப் பக்கத்து ஆட்களைத் தெலுங்கில் திட்டுவார். அவர்கள் இன்னும் சத்தமாகச் சிரிப்பார்கள்.

சிரிக்க வைப்பதற்காகவே பேசுகிறார் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பிறகு முகத்தைக் கவனித்தேன். பேசும்போது அவருடைய உதட்டோரம் அசையாது. எதிரில் இருப்பவர் சிரித்ததும் கண் சுருங்கும். திருகாணியில் இருக்கும் கை தேவைக்கு மேல் ஒரு சுற்று திருகும்.

கோபத்துக்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படவில்லை. மின்தடை ஒன்று போதும். "கரண்டு போனா எல்லாரும் வெளில வந்து பக்கத்து வூட்டை எட்டிப் பாக்குறான். அங்கயும் போயிருந்தா நிம்மதியா உள்ள போய்ப் படுக்கிறான். எதுக்குப் போச்சுன்னு ஒருத்தன் கேக்குறானா?" அடுத்த தெருக்காரர் ஒருவர் புத்தாண்டிலிருந்து நடைப்பயிற்சி என்று அறிவித்தபோது இப்படிச் சொன்னார்: "வூட்டு வாசல்ல சாமி ஒரு மலையையே வச்சிருக்குது. இவன் நடக்குறதுக்கு ஷூ வாங்க அரக்கோணம் போறான். பைக்ல." அந்த மனிதர் இதைத் தானே நான்கு இடங்களில் சொல்லிச் சிரித்தார். ஷூ வாங்கினார். நடக்கவில்லை.

கடைச் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கும். காலையில் கடை திறந்ததும் முந்தைய நாளின் தாளைக் கிழிப்பார். அதன் பின்பக்கத்தில், நேற்று எதற்குக் கோபப்பட்டாரோ அதைப் பென்சிலால் இரண்டு மூன்று வரி எழுதி, கூர்க்கம்பி ஒன்றில் குத்தி வைப்பார். பில்களைக் குத்தி வைக்கும் கம்பி அது.

"எதுக்குக்கா எழுதுறீங்க?" என்று கேட்டேன்.

"திட்டுனது அன்னிக்கே காத்துல போயிடுது. எழுதி வச்சாதான் அடுத்த நாளும் திட்ட முடியும்."

அந்தத் தாள்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மலைக்கு ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக முந்நூற்று அறுபத்தைந்து படிகள். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி காலையில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டே பஜனைக் குழுக்கள் மேலே போகும். ஊரே பின்னால் ஏறும். மிக்ஸி அக்காவும் ஏறுவார், அன்றைய தாளையும் சேர்த்துக் கிழித்து, அந்த வருடத்துத் தாள்கள் முழுவதையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு. ஒரு படிக்கு ஒரு தாள். படியில் கற்பூரம் ஏற்றுவார், அந்த நாளின் கோபத்தை எழுத்துக்கூட்டாமல் கடகடவென்று சாமியிடம் படிப்பார், தாளைப் பைக்குள் திரும்பப் போடுவார், அடுத்த படி. சாமி கேட்டதோ இல்லையோ, அவரைச் சுற்றி முப்பது நாற்பது பேர் கேட்டுக்கொண்டு ஏறினார்கள். பஜனைக்குப் போகும் கூட்டத்தில் ஒரு பகுதி இங்கே பிரிந்து வந்துவிடும். "மெதுவா படிக்கா, பின்னாடி கேக்கல" என்று குரல் வரும்.

"உனுக்கா படிக்கிறேன்?" என்பார். அதற்கும் சிரிப்பார்கள். லீப் வருடம் ஒன்றில் கடைசிப் படியில் நின்றுகொண்டு கையில் மிஞ்சிய ஒரு தாளைக் காட்டி, "இந்த ஒரு நாளுக்குப் படி இல்ல. அன்னிக்கு மட்டும் எவனும் தப்பு பண்ணலன்னு சாமி நெனச்சிட்டாரு போல" என்றார். மேலே தரிசன வரிசையில் நின்றவர்கள்வரை அந்தச் சிரிப்பு போனது.

நான் அப்போது ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். புத்தாண்டு இதழில் பத்து துணுக்குகள் கொண்ட ஒரு கட்டம் வரும். போகிற வருடத்தைச் சிரிப்போடு வழியனுப்புவது என்பது அதன் நோக்கம். எங்கள் பகுதியிலிருந்து ஏதாவது அனுப்பச் சொல்லி சென்னை அலுவலகத்தில் கேட்டார்கள். நான் கம்பியில் குத்தியிருந்த தாள்களிலிருந்து மூன்றை எடுத்து, பேச்சு மொழியைச் சீராக்கி அனுப்பினேன். மூன்றும் வந்தன. அடுத்த வருடம் ஆறு கேட்டார்கள். அதற்கடுத்த வருடம் பத்தும் அவருடையதே.

முதல் வருடம் பேப்பரைக் காட்டியபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

"மேல இன்னா போட்டிருக்குது?"

"சிரிப்போடு விடை கொடுப்போம்."

"நான் எங்கப்பா சிரிச்சேன்?"

நானும் சிரித்துவிட்டேன். அவர் பேப்பரை மடித்து வார்னிஷ் டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

தாள்களைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை ஊரில் ஒருவருக்குத்தான் இருந்தது. அம்முலு. எதிர் மண்டபத்தில் பாத்திரம் கழுவுபவர். முகூர்த்த நாட்களில் விடியற்காலையிலிருந்து அண்டா, குண்டான், தாம்பாளம் என்று மலைபோல் குவிந்து கிடப்பதைக் கழுவி முடித்து, மத்தியானம் ஈரப் புடவையோடு கடைக்கு வந்து தரையில் காலை நீட்டி உட்காருவார். அக்கா இரண்டு டீ சொல்வார். அம்முலு சிரித்தால் சந்து முனைவரை கேட்கும். அவர் சிரித்தால் மட்டும் அக்கா கண்ணைச் சுருக்கமாட்டார். "நீ சிரி. உனுக்கு வேற இன்னா கீது" என்பார்.

அம்முலு கழுவிய பாத்திரங்களைப் பின்கட்டுக்குத் தூக்கிப் போகும் வழியில் மண்டபத்தின் பக்கவாட்டு இரும்பு கேட். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை, ஈரக் கையால் அதைத் தள்ளித் திறக்க வேண்டும். காலில் செருப்பு கிடையாது. கழுவும் இடத்தில் வழுக்கும் என்று கழற்றிவிடுவார்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "அந்தக் கேட்டைத் தொட்டா சுருக்குங்குதுக்கா. எறும்பு கடிச்சா மாதிரி."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். கொண்டையிலிருந்து டெஸ்டரை உருவிக்கொண்டு சந்தைக் கடந்து போனார். கேட்டின் மேல் வைத்தார். டெஸ்டருக்குள் இருக்கும் சின்ன விளக்கு எரிந்தது. கேட்டுக்கு மேலே சீரியல் லைட்டுக்குப் போகும் ஒயர். அதில் ஒரு ஒட்டு. ஒட்டின் மேல் பாலித்தீன் பையைச் சுற்றி நூலால் கட்டியிருந்தது. தண்ணீர் பட்டால் மின்சாரம் கேட்டுக்கு இறங்கும். இவ்வளவையும் அங்கேயே நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

மண்டபத்துக்காரர் வெளியே வந்தார். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். ஊரில் யாருக்கும் கெட்டது செய்தவர் என்று பெயர் இல்லாதவர்.

"இன்னாக்கா, இன்னிக்கு நம்ம கேட்டு மேலயா?"

"நைனா, விளையாட்டு இல்ல. பாரு, லைட் எரியுது."

"உன் தலைல இருந்து எடுத்த டெஸ்டரு. தலைல இருக்கிற சூட்டுக்கே எரியும்."

சந்தில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அம்முலு சிரித்தார். நானும் அங்கே இருந்தேன்.

அக்கா டெஸ்டரைப் பார்த்தார். அதைத் திரும்பச் செருகாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். மறுநாள் காலை கிழித்த தாளில் இப்படி எழுதியிருந்தார்: "மண்டபத்துக் கேட்டைத் தொட்டா சாமி வருது. ஆடாதவனையும் ஆட வெக்கும்."

அதையும் சேர்த்து அந்த வருடத்தில் கேட்டைப் பற்றி மட்டும் பதினோரு தாள். ஓர் அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனார். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. மனுவை வாங்கியவர் படித்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, "அக்கா, நீங்களே ஒரு தபா படிங்க, நீங்க படிச்சாதான் நல்லா இருக்குது" என்றாராம். அக்கா படிக்கவில்லை. மனுவைக் கொடுத்துவிட்டு வந்தார். அது என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது.

டிசம்பர் கடைசி வாரத்தில் அந்தப் பதினோரு தாளையும் செம்புக் கம்பியால் கட்டி என்னிடம் கொடுத்தார்.

"இது சிரிப்புல வரக்கூடாது. இது நூஸு. மொதப் பக்கத்துல போடு."

நான் எழுதினேன். மின்கசிவு, அபாயம், பொதுமக்கள் அச்சம் என்று முறையாக எழுதினேன். பொதுமக்கள் யாரும் அச்சப்படவில்லை என்றாலும் அப்படித்தான் எழுதுவோம். சென்னையில் செய்தி ஆசிரியர் போனில் கேட்டார்.

"யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"இன்னும் இல்ல சார்."

"ஆச்சுன்னா சொல்லுங்க."

இரண்டு நாள் கழித்து அவரே திரும்பக் கூப்பிட்டார். சிரிப்புக் கட்டத்துக்கு ஒன்பதுதான் இருக்கிறது, இன்னொன்று உடனே வேண்டும் என்றார். என் கையில் அந்தக் கட்டு இருந்தது. எப்படியாவது அச்சில் வந்தால் போதும், யாராவது கவனிப்பார்கள் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடச் சின்னது. பத்தாவது துணுக்கு தேவைப்பட்டது. கையிலிருந்தது நல்ல துணுக்கு. "திருத்தணியில் சாமி வர மலையேற வேண்டியதில்லை. அடிவாரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் கேட்டைத் தொட்டாலே போதும்." கட்டத்தில் கடைசியாக, தடித்த எழுத்தில் வந்தது.

ஜனவரி முதல் தேதி காலையில் கடைக்குப் போனேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவர் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கேட்டைத் தொட்டுப் பாத்தியா?"

"இல்லக்கா."

"தொடாமயே எழுதிட்ட."

அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவர் வழக்கம்போல் சிரிக்க ஆரம்பித்து, அக்காவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்.

மண்டபத்துக்காரருக்குக் கோபம் வரவில்லை. பேப்பரில் வந்த துணுக்கை வெட்டி, லேமினேட் செய்து, மண்டபத்து வரவேற்பு மேசைக்குப் பின்னால் மாட்டினார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் படித்தார்கள். படித்தவர்கள் கேட்டைப் பார்க்கப் போனார்கள். வெயில் காலத்தில் தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆகவில்லையே என்று இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார்கள். இளவட்டங்கள் கேட்டைப் பிடித்துச் சாமியாடி, செல்போனில் எடுத்து அனுப்பினார்கள். வாசல் தெளித்த காலைகளில் ஒன்றிரண்டு பேருக்குச் சுருக்கென்றது. அவர்கள் மற்றவர்களையும் கூப்பிட்டுத் தொடச் சொன்னார்கள்.

அக்கா ஓர் அட்டையில் எழுதிக் கேட்டில் கட்டினார். "தொடாதே. கரண்டு வருது. சத்தியமா." அந்தச் 'சத்தியமா'வுக்காகவே அட்டையைப் படம் பிடித்தார்கள். பொதட்டூர்பேட்டையில் ஒரு தறிக்காரர் அதை எனக்கே அனுப்பி, உங்கள் ஊரில் இப்படி ஓர் ஆள் இருக்கிறாராமே என்று கேட்டார்.

அம்முலுவிடமும் அக்கா சண்டை போட்டார். "செருப்பப் போட்டுகினு போடி. கையைத் தொடச்சிட்டுத் தொடு. காலால தள்ளு."

"காலால தள்ளுனா மொதலாளி திட்டுவாருக்கா. சாமி வந்தா நல்லதுதான? ரெண்டு நாளு லீவு கெடைக்கும்." சந்து முனைவரை கேட்கும் சிரிப்பு.

ஐப்பசியில் மூன்று நாளாக விடாத மழை. மூன்றாம் நாள் முகூர்த்தம். சாப்பாடு முடிந்து, மழை விடட்டும் என்று மண்டபத்துத் தகரக் கூரையின் கீழ் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அம்முலு ஒரு அண்டாவை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்து வலது கையால் கேட்டைப் பிடித்தார். பிடித்த கை விடவில்லை. அண்டா விழுந்து உருண்டது. உடம்பு உதறியது.

நின்றவர்களில் ஒருவன், "டேய், சாமி வந்துடுச்சிடா" என்றான். கைதட்டினார்கள். ஒருவன் செல்போனைத் தூக்கினான்.

இதைப் பின்னால் நான் அவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்து உறுதி செய்துகொண்டேன். பத்து விநாடி இருக்கும் என்றார்கள். அண்டாக்கா நடிக்கிறாங்கன்னு நெனச்சோம் என்றான் ஒருவன். அம்முலுவின் பெயர்கூட அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அக்கா அண்டா விழுந்த சத்தத்தில் நிமிர்ந்திருக்கிறார். உட்கார்ந்திருந்த மர முக்காலியைத் தூக்கிக்கொண்டு மழையில் சந்தைக் கடந்து ஓடினார். தொட்டு இழுத்தால் தானும் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரியும். முக்காலியை ஓங்கி அம்முலுவின் கை மேல் அடித்தார். விடவில்லை. மறுபடி அடித்தார். மூன்றாவது அடியில் கை கேட்டை விட்டது.

அம்முலு பிழைத்தார். விரல்களில் தீக்காயம். அது ஆறிவிட்டது. மணிக்கட்டில் இரண்டு எலும்புகள் நொறுங்கியிருந்தன. அவற்றை உடைத்தது மின்சாரம் இல்லை, அக்காவின் முக்காலி. அதன் பிறகு அந்தக் கை பாதிதான் மூடியது. அண்டா தூக்க முடியாது. டம்ளரைப் பிடிக்கலாம், இன்னொரு கையின் துணையோடு.

அன்று சாயங்காலமே ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். பழைய ஒட்டை வெட்டி எறிந்து, புது ஒயர் இழுத்து, டேப் சுற்றிவிட்டுப் போனார். இருபது நிமிட வேலை.

நான் செய்தி அனுப்பினேன். இந்த முறை அதற்கு இடம் இருந்தது. எட்டு வரி. பகுதிநேர நிருபர்கள் விபத்துச் செய்தி எழுதும்போது கை தானாகவே எழுதும் சில சொற்கள் உண்டு. அப்படித்தான் எழுதியிருந்தேன்: "மழையில் நனைந்திருந்த இரும்பு கேட்டை எதிர்பாராத விதமாகத் தொட்டதில்..."

மறுநாள் மிக்ஸி கொடுக்க வந்த மூன்று பேருக்கு நடுவில் அந்தப் பேப்பரை அக்கா என் முன்னால் விரித்தார். வரியின் மேல் டெஸ்டரின் முனையை வைத்தார்.

"எதிர்பாராத விதமாகவா? ஒரு வருசமா நான் வேற இன்னா வேலை பாத்துகினு இருந்தேன்? எதிர்பாத்துகினேதானே இருந்தேன்."

மூன்று பேரில் இரண்டு பேர் சிரித்தார்கள். பழக்கம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை.

ஊர் அத்தோடு விடவில்லை. "கரண்டு விட்டாலும் மிக்ஸி அக்கா விடமாட்டாங்க" என்றார்கள். டீக்கடையில் சொன்னார்கள், ஆட்டோ நிறுத்தத்தில் சொன்னார்கள். அம்முலுவைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் சொன்னார்கள். இந்த ஒன்றை மட்டும் அக்கா உண்டாக்கவில்லை. ஆனால் அவர் பாணி என்று பாராட்டினார்கள்.

அவர் பேசுவதை நிறுத்தினார். மிக்ஸியைக் கொண்டுவந்தால் வாங்கி வைப்பார். "வியாழக்கிழமை வா." அவ்வளவுதான். தேங்காய் ஓட்டோடு போட்டிருந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார். திட்டு வாங்குவதற்கென்றே வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அக்காவுக்கு உடம்பு சரியில்லை போல என்று போனார்கள். மத்தியானம் அம்முலு வருவார். இரண்டு டீ வரும். அம்முலுவின் டம்ளரை அக்கா ஆற்றி, இடது கையில் கொடுப்பார். முக்காலி இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்திருந்தது.

டிசம்பர் முப்பத்தொன்று வந்தது. அக்கா வருவாரா என்ற சந்தேகத்தோடு படிக்கட்டுக்குப் போனேன். மஞ்சள் பையோடு வந்தார். கூட அம்முலு. பின்னால் வழக்கமான கூட்டம், போன வருடத்தைவிட அதிகம். முதல் படியில் கற்பூரம் ஏற்றினார். ஜனவரி முதல் தேதியின் தாளை எடுத்தார். அதை அவர் படிக்கவில்லை. திரும்பிப் பார்த்து, என்னிடம் நீட்டினார்.

"நீ படி."

படித்தேன். என் துணுக்கைப் பற்றியது. அவர் எழுதியதை எழுதியபடியே படித்தேன். கூட்டம் சிரித்தது. இரண்டாவது படி, மூன்றாவது படி. எல்லாவற்றையும் நானே படிக்க வேண்டியிருந்தது. முன்னால் பஜனைக் குழுவின் தாளச் சத்தம், பின்னால் சிரிப்பு. பத்து படிக்கு ஒரு முறை கேட் வந்தது. "இன்னிக்கும் நாலு பேர் தொட்டாங்க." "அட்டைய எவனோ கழட்டிகினு போய்ட்டான்." "அம்முலு செருப்பு போடல." சிரித்தார்கள். இப்போது யோசித்தால், அந்தக் கூட்டத்தில் அம்முலுவின் கையைப் பற்றித் தெரியாதவர் யாரும் இருந்திருக்க முடியாது.

முந்நூறைத் தாண்டி ஒரு படியில், மழை நாளின் தாள். பின்பக்கத்தில் ஒரே வரி: "மூணு தபா அடிச்சேன்." அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு குறைந்து நின்றது. அம்முலு குனிந்து இடது கையால் கற்பூரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அடுத்த தாளைத் திருப்பினேன். வெற்றுத்தாள்.

"இதுல ஒண்ணும் இல்லக்கா."

"ஆங். படி."

நின்றேன். கற்பூரம் எரிந்து அணையும்வரை அவர் நகரவில்லை. பிறகு அடுத்த படி, அடுத்த தாள். அதுவும் வெறுமை. ஐம்பத்துச் சொச்சம் படிகள் இப்படி ஏறினோம். ஒவ்வொன்றிலும் தாளை விரித்துப் பிடித்து, எதுவும் சொல்லாமல் நான் நிற்க வேண்டும். கூட்டம் ஏழெட்டுப் படிவரை காத்திருந்தது. அப்புறம் ஒருவர் பின் ஒருவராகப் பஜனைக் குழுவை நோக்கிப் போய்விட்டார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது நாங்கள் மூன்று பேர் மட்டுமே.

அப்போது என் போன் அடித்தது. சென்னையிலிருந்து செய்தி ஆசிரியர். சத்தமான இடம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னப்பா, பத்துல ஒண்ணு குறையுது. அந்த மிக்ஸி அக்கா இந்த வருஷம் ஒண்ணும் சொல்லலியா?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா கையை நீட்டினார். கொடுத்தேன்.

"சார், நான்தான் பேசுறேன். போன வருசம் கேட்டைத் தொட்டா சாமி வரும்னு போட்டீங்களே. வந்துச்சு சார். அம்முலுன்னு ஒருத்தி, பாத்திரம் கழுவுறவ. அவ மேல வந்துச்சு. சுத்தி நின்னவன்லாம் கைதட்டுனான். நான்தான் முக்காலியால மூணு தபா அடிச்சி எறக்குனேன். கை போச்சு. இதப் போட்டுக்குங்க. பத்து ஆயிடும்."

அம்முலு மூடாத கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

அங்கேயும் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள் போல, அந்தப் பக்கம் சிரித்தார்கள். ஒருவர் இல்லை, மேசையைச் சுற்றி நின்றிருந்த நாலைந்து பேர். அக்கா போனை என்னிடம் நீட்டினார். வாங்கிய பிறகும் அது என் கையில் சிரித்துக்கொண்டிருந்தது.